நோவா காலத்துச் சேறு

ஊர் சந்தி ரயில் நிலையம், ஈராக்கு
1929 மார்ச் 24

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்குத் தம்பி வேதக்கண் எழுதுவது. நான் சுகமாயிருக்கிறேன். மணற்காற்றில் கண் மட்டும் கொஞ்சம் சிவந்திருக்கிறது. நீங்களும் அத்தானும் சுகந்தானே? கண்டியில் மழை பிடித்துவிட்டதா?

அக்கா, இந்த முறை சுகம் விசாரிக்கக்கூட எனக்குப் பொறுமையில்லை. நான் டிக்கெட் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இந்த வனாந்தரம்தான் ஆபிரகாம் பிறந்ததாக வேதம் சொல்லும் 'ஊர்' என்ற பட்டணம் என்று முன்பே எழுதியிருக்கிறேன். ஸ்டேஷனிலிருந்து பார்த்தால் தெரிகிற மண்மேட்டை வெள்ளைக்காரர்கள் வருஷா வருஷம் குளிர்காலத்தில் வந்து தோண்டுகிறார்கள். அவர்களுடைய பெட்டிகளை ரயிலேற்றிவிடுவது நான்தான். இந்த வருஷம் ஒரு குழியை மட்டும் ஆழமாக இறக்கினார்கள். பானை ஓடும் சாம்பலும் குப்பையுமாக வந்துகொண்டிருந்தது திடீரென்று நின்று, வெறும் சேறாக வந்தது. ஓர் ஆள் உயரத்துக்கு மேல் சுத்தமான சேறு. தண்ணீர் கொண்டுவந்து படியவிட்ட சேறு! அதையும் வெட்டிப் போனால் அடியில் மறுபடி மனிதர் வாழ்ந்த அடையாளம். இதற்கு என்ன அர்த்தம், சொல்லுங்கள்? நோவா காலத்து ஜலப்பிரளயம், அக்கா. லண்டன் பத்திரிகையிலேயே வந்துவிட்டதாம்.

சலோமிக் குட்டியை ஆறு கொண்டுபோன பிறகு அத்தானுடைய பிரசங்கத்தில் உயிரே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். மூன்று வருஷமாக அது எனக்கு மனத்தில் கிடந்து உறுத்துகிறது. இதைக் கேட்டால் அவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார் பாருங்கள். வேதம் பொய்யல்ல என்று மண்ணே சாட்சி சொல்லும்போது ஓர் உபதேசியாருக்கு வேறென்ன தெம்பு வேண்டும்?

அங்கே வேலை பார்க்கும் அரபு மேஸ்திரியைக் கெஞ்சி அந்தச் சேற்றில் ஒரு பிடி வாங்கியிருக்கிறேன். தகரப் பேணியில் அடைத்துத் தனியாக அனுப்புகிறேன். சீயக்காய் என்று நினைத்துத் தலையில் தேய்த்துவிடாதீர்கள்.

உங்கள் ஜெபத்தை நாடும்,
வேதக்கண்


மஹய்யாவ, கண்டி
1929 மே 6

அன்புள்ள தம்பிக்கு அக்கா ஞானப்பூவின் ஆசீர்வாதம். நாங்கள் இருவரும் சுகம். கண்ணைக் கையால் கசக்காதே. கொதித்து ஆறின தண்ணீர் விட்டுக் கழுவு.

உன் கடிதமும் வந்தது, பேணியும் வந்தது. எங்கள் சபைப் போதகர் ஐயருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உன் கடிதத்தை அவரே வாசித்தார், பேணியைத் தூக்கிக் காட்டினார். இத்தனை நாள் நோவாவைக் கட்டுக்கதை என்று கேலி பண்ணினவர்கள் இனி வாயைத் திறக்கட்டும் என்றார். எழுதினது என் தம்பி என்று எல்லாரும் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது, உண்மையைச் சொன்னால்.

பிறகு பேணியை உன் அத்தான் கையில் கொடுத்து, ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்புகளுக்கெல்லாம் கொண்டுபோய்ப் பிரளயத்தைப் பற்றிப் பிரசங்கிக்கச் சொல்லிவிட்டார் ஐயர். நானும் கூடப் போனேன். பேச்சியம்மா என்று ஒருத்தி, கொழுந்து பறிக்கிறவள், கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, "அய்யா, அந்தச் சாமி மண்ணுல ஒரு சிட்டிகை குடுங்க, புள்ளைக்குக் காச்சலா இருக்கு, நெத்தியில பூசிவிடுறேன்" என்று கையை நீட்டினாள். அவளைப் பார்த்துப் பத்துப் பேர் கை நீட்டினார்கள். திருநீறு மாதிரி எல்லாருக்கும் கிள்ளிக் கொடுத்தால் நோவாவுக்கே மிஞ்சியிருக்காது. நான் சிரித்துவிட்டேன். உன் அத்தான் சிரிக்கவில்லை. பேணியை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அவருக்கு வேலை அதிகம். உன் கடிதம் கண்டு சந்தோஷம் என்று எழுதச் சொன்னார்.

நேரத்துக்குச் சாப்பிடு.
அக்கா


(தபாலில் சேர்க்காமல் விட்ட கடிதம்)

மஹய்யாவ
1929 மே 8

தம்பி,

முந்தாநாள் எழுதினதில் பாதிதான் உண்மை. மீதியையும் எழுதினால்தான் எனக்குச் சோறு இறங்கும் போலிருக்கிறது.

ஹாலோலுவையில் மகாவலி ஆற்றில் தோணி கவிழ்ந்து என் மகள் சலோமி போனபோது, அவள் அவருடைய கையில்தான் இருந்தாள். அது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது தெரியாது. கரையில் நின்ற சபையார் ஆறுதல் என்று நினைத்து, "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்றார்கள். அவருக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. மாதக்கணக்கில் வேதத்தைத் தொடவில்லை. பிறகு ஒரு நாள் தானாகவே என்னைக் கூப்பிட்டு, "ஞானப்பூ, ஆறு வெறும் ஆறுதான். மழை பேஞ்சா பெருகும். ஆண்டவர் தண்ணிய ஏவிவிட்டுப் புள்ளைங்களக் கொல்லுறவரு இல்ல. நோவா கதை நமக்குப் புத்தி சொல்ல யாரோ சொன்ன உவமை, அவ்வளவுதான்" என்றார். அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் மறுபடி பிரசங்கத்துக்குப் போனார். ஆதியாகமத்தின் அந்த அதிகாரங்கள் பக்கம் மட்டும் போகமாட்டார். ஐயருக்குத் தெரிந்தால் உபதேசியார் வேலை போய்விடும். ஒருவரிடமும் சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கினார்.

இப்போது நீ அது உவமையல்ல, நடந்தது என்று சேற்றையே அனுப்பியிருக்கிறாய். அன்று ஹந்தானையிலிருந்து இறங்கி வந்தோம். வீட்டு வாசலில் நின்று, "அப்போ தண்ணிய அவர்தான் அனுப்புறார்" என்றார்.

இதை உனக்கு அனுப்பினால் என் சத்தியம் போகும், உன் சந்தோஷமும் போகும். நீ நல்லது நினைத்துச் செய்தவன். உன்னை எப்படிக் குத்துவது?


மஹய்யாவ
1929 ஜூலை 15

பிரிய மைத்துனர் வேதக்கண் அவர்களுக்கு மாசிலாமணி எழுதுவது. உமது சுகத்தை விரும்புகிறேன். இங்கே எல்லாரும் சுகம்.

நீர் அனுப்பிய பொருளுக்கு நன்றி. உம்மிடம் ஒரு காரியத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சேறு தோண்டிய இடமெல்லாம் இருந்ததா, அந்த ஒரு குழியில் மட்டுமா? அந்த ஊரிலேயே உயரமான இடங்களில் இருந்தவர்கள் தப்பிப் பிழைத்ததற்கு அடையாளம் ஏதும் உண்டா? அக்கம்பக்கத்து ஊர்களில் எப்படி? நீர் நேரில் போய் விசாரித்து உள்ளது உள்ளபடி எழுத வேண்டும். பத்திரிகைத் துண்டு வேண்டாம். நீர் கண்ணால் கண்டதை எழுதும்.

இன்னொன்று. சேற்றுக்கு அடியில் மனிதர் வாழ்ந்த அடையாளம் கிடைத்ததாக எழுதியிருந்தீர். சிறுபிள்ளைகள் விளையாடும் சாமான் எதுவும் அதில் இருந்ததா?

அவசரமில்லை. ஆனால் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
யோ. மாசிலாமணி


ஊர் சந்தி
1929 டிசம்பர் 12

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான அத்தானுக்கு வேதக்கண்ணின் ஸ்தோத்திரம். இங்கே குளிர் எலும்பைக் குடைகிறது, மற்றபடி சுகம். அக்காவின் இருமல் தேவலையா?

பதில் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும். வெயில் காலத்தில் தோண்டுவதில்லை. துரைமார் திரும்பி வந்த பிறகுதான் மேட்டுக்குப் போய் விசாரிக்க முடிந்தது. போன வாரம் ஒரு முழுப்பகல் அங்கேயே இருந்தேன்.

உங்கள் கேள்வியை வாசித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. லயத்தில் யாரோ வாயாடி, "ஒரு குழியில கெடச்சா போதுமா உபதேசியாரே?" என்று கேட்டிருப்பான். அவனிடம் தைரியமாகச் சொல்லுங்கள். சேறு எங்கும் இருக்கிறது. மேடு பள்ளம் என்ற பேச்சே இல்லை. வேதத்தில் எழுதியிருக்கிறபடியே தண்ணீர் எல்லாவற்றையும் மூடியது, ஒருவரும் தப்பவில்லை. இதற்கு நான் சாட்சி. இந்த வருஷம் இன்னும் பெரிய குழியில் இன்னும் அதிகச் சேறு வருகிறது.

விளையாட்டுச் சாமான் பற்றிக் கேட்டீர்கள். களிமண்ணில் செய்த சின்னப் பொம்மைகள் சில கிடைத்திருக்கின்றன. சாமியா பொம்மையா என்று யாருக்கும் தெரியவில்லை. நல்ல பிரசங்கத்துக்கு ஆகும்.

வரப்போகும் கிறிஸ்து பிறப்பில் உங்கள் குரல் ஹந்தானை மலை முழுவதும் கேட்கட்டும், அத்தான்.

உங்கள் அன்பு மைத்துனன்,
வேதக்கண்


கடுகண்ணாவை
1930 மார்ச் 3

தம்பிக்கு அக்கா எழுதுவது. உன் சுகத்துக்கு ஜெபிக்கிறேன். என் இருமல் நின்றுவிட்டது.

மேலே விலாசம் மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். உன் அத்தான் உபதேசியார் வேலையை விட்டுவிட்டார். மிஷன் கொடுத்த வீட்டையும் விட்டோம். இங்கே ரயில் பாதைக்குக் கீழே சாஹுல் ஹமீது நானாவின் சாமான் கடையில் கணக்கெழுதுகிறார். கடைக்குப் பின்னால் ஓர் அறை. தங்கமான மனிதர். முதல் நாளே, "உபதேசியாரே, நூஹ் நபிட வெள்ளத்த நம்ப எங்களுக்கு மண்ணெல்லாம் தோண்டத் தேவல்ல. நீங்க ஏன் அதப் போட்டு யோசிக்கிற?" என்றார். உன் அத்தான், "நம்பினதுதான் நானா கஷ்டமாப் போச்சு" என்றார். நானாவுக்கு அது விளங்கவில்லை. தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

ஐயர் இரண்டு தரம் வந்து பேசிப் பார்த்தார். உடம்புக்கு முடியவில்லை, லயம் லயமாய் ஏறி இறங்க மூச்சு வாங்குகிறது என்று இவர் சொல்லிவிட்டார். நீயும் அப்படியே நினைத்துக்கொள்.

உன் டிசம்பர்க் கடிதம் கிடைத்தது. வாசித்தார். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். வேறு ஒன்றும் எழுத இல்லை.

அக்கா


ஊர் சந்தி
1930 ஜூன் 1

அன்புள்ள அக்காவுக்கு. சுகமாயிருக்கிறேன். நீங்கள் சுகம் என்று எழுதியதை நம்பமுடியவில்லை.

மூச்சு வாங்குகிற மனிதர் கடுகண்ணாவைக் கணவாயில் போய்க் குடியிருப்பாரா? எனக்குக் காது குத்தாதீர்கள். ஐயரோடு சண்டையா? சம்பளத்தில் ஏதும் தகராறா? பிரளயத்துக்கே சாட்சி கிடைத்த வருஷத்திலா ஓர் உபதேசியார் சுவிசேஷ வேலையை விட்டுவிட்டுப் பருப்புக்கும் கருவாட்டுக்கும் கணக்கெழுதப் போவார்? இங்கே என்னோடிருக்கும் பாளையங்கோட்டை ஆட்களிடம் அத்தானைப் பற்றி அவ்வளவு பெருமை பேசியிருந்தேன். இப்போது முகத்தில் விழிக்க வெட்கமாயிருக்கிறது.

காரணத்தை எழுதுங்கள். எழுதாவிட்டால் நானும் இனி எழுதப்போவதில்லை.

வேதக்கண்


கடுகண்ணாவை
1933 டிசம்பர் 18

அன்புள்ள தம்பிக்கு அக்காவின் கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாய். மூன்று வருஷத்துக்கு மேலாயிற்று. எனக்கு உன்மேல் கோபம் உண்டு, ஆனாலும் பண்டிகை வந்தால் கை தானாகப் பேனாவைத் தேடுகிறது. சுகமாயிருக்கிறாயா?

நாங்கள் இருக்கிறோம். கணக்கில் ஒரு சதம் பிசகாது என்று நானா இவரைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார். கோயிலுக்கு நான் மட்டும் ரயிலேறிக் கண்டிக்குப் போய் வருகிறேன். இவர் ஸ்டேஷன் வரைக்கும் வந்து வழியனுப்புவார். "எனக்கும் சேத்து ஜெபம் பண்ணு" என்று முன்பெல்லாம் சொல்வார். இப்போது அதுவும் இல்லை. குடையை மறக்காதே என்று மட்டும் சொல்வார்.

நீ கேட்ட காரணத்தை எழுத எனக்கு அதிகாரமில்லை. எழுதாததால் நான் உன்னை வெறுத்துவிட்டேன் என்று எண்ணாதே.

அக்கா


கடுகண்ணாவை
1935 பெப்ரவரி 9

தம்பி,

உன் அத்தான் ஜனவரி இருபத்தாறாம் தேதி இறந்துபோனார். மலேரியா. இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு விழுந்துகொண்டிருக்கிறது, கொயினா மருந்துக்கு ஆஸ்பத்திரி வாசலில் திருவிழாக் கூட்டம். கடையை மூடிவிட்டு நானாவும் அவர் மனைவி றலியாவும் என்னோடு கூட இருந்து பார்த்தார்கள். சொந்தத்தில் ஒருவரும் பக்கத்தில் இல்லாத குறை தெரியவில்லை.

ஐயருக்கு ஆள் அனுப்பினேன். நற்கருணை கொடுக்க அப்பமும் திராட்சரசமும் எடுத்துக்கொண்டு கண்டியிலிருந்து வந்தார். நல்ல மனிதர், அவரைக் குறை சொல்லமாட்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு, "மாசிலாமணி, கர்த்தரோட சமாதானமாயிடுங்க" என்று அழுதார். இவருக்கு நல்ல நினைவு இருந்தது. "வேணாம் ஐயரே. உங்க மேல எனக்குக் கோபமில்ல. அவர்கிட்டப் பேச எனக்கு ஒண்ணும் இல்ல" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்படியே போய்விட்டார்.

அதற்குப் பிறகும் ஐயர் கிறிஸ்தவ முறைப்படியே அடக்கம் செய்தார். அதற்கு நான் நன்றியுள்ளவள்.

உனக்குச் செய்தி அனுப்ப வேண்டியது என் கடமை. அனுப்பிவிட்டேன்.

ஞானப்பூ


ஊர் சந்தி
1935 ஏப்ரல் 7

என் அக்காவுக்கு,

என்ன எழுதுவது? கடிதத்தை ஸ்டேஷன் மாஸ்டரின் கதிரையில் உட்கார்ந்து வாசித்தேன். பாஸ்ரா ரயில் வந்து போனதே எனக்குத் தெரியவில்லை. ஐந்து வருஷம் முறுக்கிக்கொண்டிருந்தேனே, பாவி. அவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் அனுப்பிவிட்டேனே.

ஆனால் காரணம் இப்போது எனக்கு விளங்கிவிட்டது, அக்கா. யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். எந்தப் புத்தகத்தில் பார்த்தாரோ, எந்தத் துரை பேசக் கேட்டாரோ. அதில்தான் அவருடைய விசுவாசம் உடைந்துபோயிருக்கிறது.

இனி மறைத்து என்ன? அத்தான் அன்று கேட்டு எழுதினாரே, சேறு எங்கும் உண்டா என்று. நான் மேட்டுக்குப் போனேன். மேஸ்திரி என்னை வேறொரு குழியில் இறக்கிக் காட்டினான். சுவரின்மேல் சுவராக வீடுகள், நடுவில் ஒரு விரல்கடைச் சேறுகூட இல்லை. எல்லாக் குழியிலும் இல்லையாம், சிலவற்றில்தானாம். "பள்ளத்தில் இருந்தவர்கள் போனார்கள், மேட்டில் இருந்தவர்கள் இருந்தார்கள். எங்கள் ஆறு இப்படித்தான், இன்றைக்கும் பெருகினால் இதைத்தான் செய்யும்" என்று சிரித்தான். தோண்டின துரையே அப்படித்தான் எழுதியிருக்கிறாராம், வெள்ளம் இந்த ஆற்றுச் சமவெளிக்கு மட்டுந்தான், உலகம் முழுவதும் அல்ல என்று. பத்திரிகைக்காரர்கள்தான் ஊதிப் பெரிதாக்கினார்கள்.

பேணியை வைத்துக்கொண்டு லயம் லயமாகப் பேசுகிற மனிதருக்கு இதை எழுதினால் என்ன ஆவார்? அதனால்தான் எங்கும் உண்டு என்று துணிந்து எழுதினேன். அவருடைய விசுவாசத்தைக் காப்பாற்றத்தான் எழுதினேன், அக்கா. யார் அவருக்கு உண்மையைச் சொன்னது? அது மட்டும் தெரிந்தால் போதும்.

கண்ணீருடன்,
வேதக்கண்


கடுகண்ணாவை
1935 ஜூன் 2

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. வாசிப்பேன், மடித்து வைப்பேன், மறுபடி எடுப்பேன். உன்மேல் வந்த கோபம் இறங்கட்டும் என்று காத்திருந்தேன். முழுவதும் இறங்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

அவருக்கு யாரும் சொல்லவில்லை. நீ எழுதினதைத்தான் அவர் கடைசி வரைக்கும் நம்பினார்.

நோவாவின் வெள்ளம் பொய்யென்று தெரிந்து அவர் கெடவில்லை, தம்பி. அது நிஜமென்று நீ சொன்னதில்தான் கெட்டார். சலோமியைக் கொண்டுபோனது வெறும் ஆறு, அதில் ஆண்டவர் கை இல்லை என்று நினைத்துத்தான் அவரால் ஜெபிக்க முடிந்தது. நீ சேற்றை அனுப்பினதும் அந்த நினைப்பு ஆடிப்போயிற்று. உனக்குக் கேள்வி எழுதிப் போட்ட அன்று என்னிடம் சொன்னார், "எல்லா எடத்துலயும் இருந்தா அது தண்டனை, ஞானப்பூ. அங்கங்க இல்லாமப் போனா அது நம்ம மகாவலி மாதிரி ஒரு ஆறு, அவ்வளவுதான். அப்புறம் நான் அவர்கிட்டப் பேசலாம்" என்று.

இதை நான் உனக்கு அப்போதே எழுதியிருக்க வேண்டும். ஒரு தாள் நிறைய எழுதவும் எழுதினேன், அனுப்பவில்லை. அவர் சத்தியம் வாங்கினார் என்பது ஒரு சாக்கு. உன் மனம் நோகக்கூடாது என்று நினைத்தேன், அதுதான் நிஜம். நான் எழுதியிருந்தால் நீ உண்மையை எழுதியிருப்பாய். நீ உண்மையை எழுதியிருந்தால் அந்த நற்கருணையை அவர் வாங்கியிருப்பார். நீ மட்டும் அழவேண்டியதில்லை. ஆளுக்குப் பாதி.

ஐயர் போன ஞாயிறு, என்ன இருந்தாலும் தேவன் இரக்கமுள்ளவர் என்று என்னைத் தேற்றினார். நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் கட்டிலில் கிடந்த மனிதர் அதை நம்பாமல் போனாரே, அதற்கு நான் எந்த மண்ணைத் தோண்டி என்ன எடுக்க?

நீ பதில் எழுதத் தாமதித்த அந்த ஐந்து மாதமும் தபாற்காரன் வருகிற நேரத்துக்கு அவர் ஒழுங்கை முனையில் போய் நிற்பார். வெயிலில் நிற்காதீர்கள் என்று ஒரு நாள் கூப்பிடப் போனேன். "எல்லா எடமும் வேணாம் ஞானப்பூ, தண்ணி ஏறாத ஒரு மேடு இருந்தாப் போதும், ஒரே ஒரு மேடு" என்றார்.

அந்த மேட்டில் நின்றுவிட்டு வந்துதான் நீ அவருக்கு எழுதியிருக்கிறாய்.

உடம்பைக் கவனித்துக்கொள். விடுமுறை கிடைத்தால் வா.

அக்கா ஞானப்பூ